பணியில் இறந்த தீயணைப்பு வீரர்கள்: எப்படி இறந்தார்கள் என்பதையும் எழுதுங்கள்

இரணைமடுவான்

மே 4 உலகத் தீயணைப்பு வீரர் நாள். வன்னியில் அந்த நாள் ஒருவருக்கும் தெரியாமலே போகிறது, இந்த முறை அப்படி விடக்கூடாது என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன். 1998 டிசெம்பர் 2 ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், லின்டன் என்ற ஊர்ப்பக்கக் காட்டுத்தீயில் ஐந்து தொண்டர்கள் ஒரே வண்டியோடு எரிந்து இறந்தார்கள். தண்ணீர் நிரப்பப் போய்க்கொண்டிருந்த நேரம் காற்றுத் திசை மாறி, நெருப்பு வண்டியை மூடிவிட்டது. அவர்களை வைத்துத்தான் அடுத்த வருடம் இந்த நாள் உருவானது. அன்று குத்துகிற நாடாவில் சிவப்பு நெருப்புக்கு, நீலம் தண்ணீருக்கு.

பூப்படம் போட்டு ஆழ்ந்த இரங்கல் என்று எழுதுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை, அவர்களும் மனம் வைத்துத்தான் எழுதுகிறார்கள். ஆனால் நான் கேட்பது அதைவிடக் கொஞ்சம் கூட. உங்களுக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றி எழுதும்போது அவர் எந்த இடத்தில், எதால் உயிர் விட்டார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஓரிடத்தில் ஒருவரைக் கொன்ற காரணம் இன்னோர் ஊரில் அப்படியே கிடக்கிறது, எங்கட ஊரிலும் கிடக்கிறது.

என் பங்குக்கு மதுரை. 2020 நவம்பர் 14, தீபாவளி விடியப்புறம். தெற்கு மாசி வீதிப் பக்கம் ஒரு பழைய கட்டடத்தில் இருந்த துணிக்கடை தீப்பிடித்தது. ஊர் எண்ணெய் வைத்து முழுகுகிற நேரம் இவர்கள் குழாயைப் பிடித்துக்கொண்டு நெருப்புக்கு முன்னால் நிற்கிறார்கள். கட்டடம் இடிந்து விழுந்தது. இரண்டு தீயணைப்பு வீரர்கள் அந்த இடிபாட்டுக்குள்ளேயே முடிந்துபோனார்கள், கூட நின்ற இருவருக்குக் காயம்.

அவர்களைக் கொன்றது கட்டடம். துணிக்கடை எரியும்போது என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அடிக்கிற தண்ணீரைச் சேலைக் கட்டுகளும் வேட்டிக் கட்டுகளும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மேல்மாடியில் பாரம் ஏறிக்கொண்டே போகும், கீழே மர வளையும் சுண்ணாம்புச் சுவரும் சூட்டில் பலம் இழந்துகொண்டே வரும். நெருப்புத் தணிகிறது என்று வெளியில் நிற்கிற சனம் மூச்சு விடுகிற நேரத்தில்தான் அப்படிப்பட்ட கட்டடம் விழும். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் துணிக்கடைக்காரர் மேல்மாடியை என்னவாக வைத்திருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். முழுக்கச் சரக்கு அறைதான்.

சந்தைக்காரன்

துணிக்கடை என்று பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை தம்பி. 2016 செப்டெம்பர் 16 இரவு கிளிநொச்சிச் சந்தை எரிந்தபோது அங்கே நின்றவன் நான். திறப்பு என் கையில், ஆமைப்பூட்டைத் தொட முடியாத சூடு. சாரத்தின் ஒரு மூலையை நனைத்துச் சுற்றிப் பிடித்தேன், திறப்பு உள்ளே போகிறது, திரும்பவில்லை. பக்கத்துக் கடைத் தகரம் அப்பளம் மாதிரிச் சுருண்டு கீழே விழுந்த பிறகு ஆட்கள் என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அப்போது கிளிநொச்சி மாவட்டத்துக்கென்று ஒரு தீயணைப்பு வண்டி கிடையாது. யாழ்ப்பாணத்தில் இருந்து ஏ9 வீதியால் அறுபது கிலோமீற்றருக்கு மேல் ஓடி வரவேண்டும். அதுவரைக்கும் வாளியும் தண்ணீர்ப் பவுசரும்தான். வண்டி வந்ததும் சிலர் அந்தப் பொடியளைத்தான் ஏசினார்கள், ஏன் இவ்வளவு நேரம் என்று. அவர்கள் திருப்பி ஒரு சொல் சொல்லவில்லை. இறங்கின உடனே கேட்டது, உள்ளே ஆள் யாரும் நிற்கிறார்களா, காஸ் சிலிண்டர் எந்தெந்தக் கடையில் இருக்கிறது, இந்த இரண்டும்தான். சிலிண்டர் எங்கே என்று சரியாகச் சொல்ல எங்களில் ஒருவராலும் முடியவில்லை. பிறகு நடந்ததை விடுங்கள், அன்று அந்தப் பொடியளில் ஒருவருக்கு ஏதும் ஆகியிருந்தால் அதற்குக் காரணம் அந்தப் பதில் இல்லாமல் போனதாகத்தான் இருந்திருக்கும்.

அந்த எரிவுக்குப் பிறகுதான் கரைச்சி பிரதேச சபையின் கீழ் தீயணைப்புப் பிரிவு என்று ஒன்று வந்தது. சந்தை எரியாமல் அது வந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது.

முல்லைக்கரை

ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். மே மாதம் என்றால் எங்கள் பக்கம் 12 இல் இருந்து 18 வரைக்கும், 2009 இல் யுத்தத்தின் கடைசி நாட்களில் செத்தவர்களை நினைத்துக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிற கிழமை. அம்மாமார் படத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முள்ளிவாய்க்கால் மணலில் இருந்து அழுகிற மாதம். எங்கட செத்தவர்களுக்கு ஒரு விளக்கு வைக்கவே வருடா வருடம் தடையா அனுமதியா என்று பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியிருக்கிறது. இதற்குள் மதுரையில் சுவர் விழுந்து இறந்தவருக்கும் அவுஸ்திரேலியாவில் வண்டியோடு எரிந்தவருக்கும் எங்களிடம் மனதில் இடம் எங்கே இருக்கிறது? அவர்களுக்கு அரச மரியாதை கிடைத்திருக்கும், கொடி போர்த்தியிருப்பார்கள், குடும்பத்துக்குக் காசும் கொடுத்திருப்பார்கள். எங்களுக்கு ஒன்றும் இல்லை. இதை எழுதும்போது எனக்கே கை நடுங்குகிறது, இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

இரணைமடுவான்

அக்கா, கோபம் என்ன இருக்கிறது. நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. 18 ஆம் திகதிக்குப் பக்கத்தில் வேறு எதையும் கொண்டுவந்து வைக்க நான் கேட்கவில்லை, வைக்கவும் மாட்டேன்.

ஆனால் ஒன்று சொல்லுகிறேன். அந்த நாட்களில் நாங்கள் பங்கருக்குள் இருந்து எதைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்? யாராவது வருவார்களா என்றுதானே. வெளியில் இருந்து ஒருவரும் வரவில்லை. எல்லோரும் விட்டு ஓடுகிற இடத்துக்குள் ஒரு மனிதன் வருகிறது என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரிந்த அளவுக்கு மற்றவர்களுக்குத் தெரியாது. அப்படி வந்து இறந்தவனைப் பற்றிப் பேச எங்களுக்கு உரிமை கூட என்றுதான் நான் நினைக்கிறேன்.

அக்கராயன் கமக்காரன்

எனக்குத் தெரிந்த ஒன்றை எழுதுகிறேன், இது நெருப்பு இல்லை, கிணறு. 2020 ஒக்டோபரில் தமிழ்நாட்டில் பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு கிணற்றுக்குள் இறங்கினவர்கள் மயங்கிவிட, அவர்களைத் தூக்கப் போன தீயணைப்பு வீரர் ஒருவர் அதே கிணற்றுக்குள் நச்சுக் காற்றில் இறந்துபோனார். அன்றில் இருந்து நான் என் கிணற்றைப் பார்க்கிற பார்வையே வேறு.

எங்கள் பக்கம் ஆடி ஆவணியில் தண்ணீர் எவ்வளவு கீழே போகும் என்று தெரியும்தானே. மேலே வைத்த மெசின் ஏழு எட்டு மீற்றருக்குக் கீழே இருக்கிற தண்ணீரை இழுக்காது, அது எந்தக் கம்பனி மெசின் என்றாலும் அப்படித்தான். அதனால் என்ன செய்கிறோம்? கிணற்றுக்குள்ளே பாதியில் மரம் போட்டு, பலகை கட்டி, மண்ணெண்ணெய் மெசினைக் கயிற்றில் இறக்கி வைக்கிறோம். புகைக் குழாயை மேலே எடுத்து விடுகிறவர்களும் இருக்கிறார்கள், எடுக்காதவர்கள்தான் கூட. மெசின் நின்றுவிட்டால் என்ன ஏது என்று பார்க்கச் சட்டென்று ஒருவர் இறங்குவார். அவர் விழுந்தால் தம்பி இறங்குவான். தம்பியும் வராவிட்டால் பக்கத்துக் காணிக்காரர். வெங்காயத்துக்குத் தண்ணீர் விடப் போய் ஒரே கிணற்றுக்குள் மூன்று பேர் என்று பேப்பரில் வாசிக்கிறோமே, எல்லாம் இதுதான். கடைசியாக இறங்குகிறவர் சீருடை போட்டவர், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு கேள்வி. எங்கட அப்பு காலத்தில் அரிக்கன் லாம்பைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பார்கள், அணையாவிட்டால் இறங்கலாம் என்று. அது சரியான முறையா?

வார்ட் அக்கா

அண்ணை, அந்த லாம்பை நம்பி இறங்க வேண்டாம். தயவுசெய்து இதை உங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

லாம்பு அணைந்தால் கீழே ஒட்சிசன் போதாது என்று அர்த்தம், அது பழைய பாவிக்காத கிணற்றுக்குப் பொருந்தும். மெசின் ஓடின கிணற்றில் இருப்பது காபன் மொனொக்சைட்டு. அதற்கு நிறமும் இல்லை மணமும் இல்லை, ஆளைக் கொல்லுகிற அளவு இருக்கும்போதும் லாம்பு நன்றாக எரிந்துகொண்டு இருக்கும். இரத்தத்தில் ஒட்சிசன் ஒட்டுகிற இடத்தில் அது போய் ஒட்டிக்கொள்ளும், ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக. ஆளுக்கு மூச்சு முட்டுவதாகக்கூடத் தெரியாது, தலை இடிக்கும், கால் தளரும், ஏறி வர வேண்டும் என்ற நினைப்பு வருவதற்குள் முடிந்துவிடும். மூக்கில் ஈரத் துணி கட்டுவதால் ஒரு பிரயோசனமும் இல்லை. முதுகில் காற்றுச் சிலிண்டரும் முகமூடியும் போட்ட ஆள்தான் இறங்க வேண்டும், இடுப்பில் கயிறு கட்டி மேலே இரண்டு பேர் பிடித்திருக்க வேண்டும். தீயணைப்பு வீரர்களுக்கும் அதே விதிதான். கருவி இல்லாமலோ, குறுகின கிணற்றுக்குள் கருவியோடு இறங்க முடியாமலோ, மேலே நிற்கிற சனம் இறங்கு இறங்கு என்று கத்துகிறபோது ஒரு மனிதன் என்ன செய்வான் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் இந்த இழையில் எழுத வேண்டும் போல இருக்கிறது. பணியில் இறந்தவர் என்றால் சம்பவ இடத்தில் விழுந்தவரை மட்டும்தான் கணக்கெடுக்கிறோம். நியூயோர்க்கில் 2001 செப்டெம்பர் 11 அன்று 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தூசியையும் புகையையும் சுவாசித்துப் பிறகு நோயில் இறந்தவர்களின் தொகை 2023 செப்டெம்பரில் அதே 343 ஐத் தொட்டது, அதற்குப் பிறகும் கூடிக்கொண்டுதான் போகிறது. தீயணைப்புத் தொழிலே புற்றுநோய்க்குக் காரணமானது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2022 இல் முதலாம் பிரிவில் சேர்த்தது. புகையிலை இருக்கிற அதே பிரிவு. ஓய்வு பெற்று வீட்டுக்குப் போய், இருமி இருமிப் பத்து வருடம் கழித்துச் சாகிறவருக்கு யார் கொடி போர்த்துகிறார்கள்? அமெரிக்காவில் பணி நேரத்தில் இறக்கிற தீயணைப்பு வீரர்களில் பெரும் பங்கினர் நெருப்பால் இல்லை, மாரடைப்பால் இறக்கிறார்கள். பாரமான உடுப்பு, சூடு, திடீரென்று எழும்பி ஓடுவது, எல்லாம் சேர்ந்து நெஞ்சைத்தான் அடிக்கிறது.

சிட்னி வன்னியன்

இங்கே நடந்ததைச் சொல்லுகிறேன். 2019 டிசெம்பர் 19 இரவு, சிட்னிக்குத் தென்மேற்கே பக்ஸ்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் தொண்டர் படை வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தபோது எரிந்த மரம் ஒன்று விழுந்து வண்டி பிரண்டது. இரண்டு பேர் இறந்தார்கள். இரண்டு பேரும் இளம் தகப்பன்மார், இரண்டு பேருக்கும் ஒன்றரை வயதளவில் ஒவ்வொரு பிள்ளை. ஒருவருடைய செத்தவீட்டில் அவருடைய சின்னப் பிள்ளை வாயில் சூப்பியோடு நிற்க, தீயணைப்புத் தலைமை அதிகாரி முழங்காலில் இருந்து தகப்பனின் பதக்கத்தைப் பிள்ளையின் சட்டையில் குத்தினார். அந்தப் படத்தைப் பார்த்து நாங்கள் எல்லோரும் அழுதோம்.

அவர்கள் சம்பளம் வாங்குகிறவர்கள் இல்லை. இந்த மாநிலத்தின் கிராமத் தீயணைப்புப் படையில் எழுபதாயிரம் பேர் அளவில் தொண்டர்கள். தச்சன், கடைக்காரன், வாத்தியார், வேலை முடிந்து வந்து சீருடை போடுகிறவர்கள். முல்லைக்கரை அக்கா சொன்ன கொடியும் மரியாதையும் அவர்களுக்குக் கிடைத்தது உண்மைதான், கிடைத்தபிறகும் அந்தப் பிள்ளை அப்பா இல்லாமல்தான் வளர்கிறது.

லின்டனைப் பற்றி இன்னும் ஒன்று. அந்த ஐந்து பேரின் மரணத்தைத் துருவித் துருவி விசாரித்தார்கள். அதற்குப் பிறகு பயிற்சி பெறாதவரை நெருப்புக்கு முன்னால் விடுவதில்லை, தொட்டியில் இருக்கிற கடைசித் தண்ணீரைத் தங்கள் உயிரைக் காக்க என்று ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது பாடமாகிவிட்டது. இரணைமடுவான் கேட்பது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

பரந்தன் சந்தி

சனத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. 2017 ஜூலையில் சென்னை கொடுங்கையூரில் ஒரு பேக்கரி இரவில் எரிந்தது. தீயணைப்பு வீரர்கள் வேலையில் நிற்கும்போது உள்ளே இருந்த சிலிண்டர் வெடித்துத் தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார், சுற்றி நின்று பார்த்த சனத்தில் பல பேர் எரிந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள். கையில் போன் வைத்துப் படம் எடுத்தவர்கள்.

எங்கள் ஊர் மட்டும் என்ன? 2021 கடைசியில் நாடு முழுக்கச் சமையல் சிலிண்டர் வெடித்தபோது நாங்கள் எல்லோரும் பயந்தோம், பிறகு மறந்துவிட்டோம். எங்கேயாவது புகை தெரிந்தால் முதலில் போய்ச் சேர்வது மோட்டார்சைக்கிள்தான், அடுத்தது ஓட்டோ, இரண்டு பக்கமும் நிறுத்திவிட்டு நிற்பார்கள், பவுசர் உள்ளே போக வழி இருக்காது. வண்டி பிந்தினால் உள்ளே போகிறவர் ஓடிப்போய்த்தான் ஆக வேண்டும், ஓடுகிற இடத்தில்தான் பிழை நடக்கும். அந்தப் பிழைக்கு உயிர் கொடுப்பது அவர், நாங்கள் படத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். நெருப்பு என்றால் நூறு மீற்றர் தள்ளி நில், வழியை விடு. இதை ஊரில் பழக்க முடிந்தாலே பெரிய காரியம்.

மாங்குளம் வாத்தி

இந்தியாவில் தீயணைப்பு வீரர் நாள் ஏப்ரல் 14, எங்கட சித்திரை வருடப்பிறப்பு அன்றே. 1944 இல் அன்றைக்கு பம்பாய்த் துறைமுகத்தில் ஒரு கப்பல் வெடித்தது. பஞ்சுப் பொதியும் வெடிமருந்தும் ஒரே கப்பலில் ஏற்றியிருந்தார்கள். பஞ்சு உள்ளே கனன்றுகொண்டிருக்க, தண்ணீர் அடித்துக்கொண்டு மேலே நின்ற தீயணைப்பு வீரர்களில் 66 பேர் வெடிப்பில் இறந்தார்கள். என்ன எரிகிறது, அதற்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது, இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாமல் நெருப்புக்குக் கிட்டப் போகக்கூடாது என்று அங்கே படித்தார்கள்.

எங்கள் பக்கம் அந்த இரண்டாவது கேள்விக்கு ஒரு தனிப் பதில் இருக்கிறது, இதுவரைக்கும் ஒருவரும் தொடவில்லை. வன்னியில் பற்றை எரிகிறபோது மண்ணுக்குள் என்ன இருக்கிறது? காணி துப்புரவாக்கிக் குப்பைக்கு நெருப்பு வைத்த இடத்தில் வெடித்துக் கை போனவர்கள், கண் போனவர்கள் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். கண்ணிவெடி அகற்றி முடித்தோம் என்று பலகை வைத்த இடத்திலும் மழை வெள்ளத்துக்குப் பிறகு ஏதாவது மேலே வருகிறது. அப்படி ஒரு காட்டுத்துண்டு எரியும்போது குழாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிற பொடியனுக்கு அது யார் காணி, அதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்று யார் சொல்லப்போகிறார்கள்? ஜெர்மனியில் லுப்தேன் என்ற இடத்தில் 2019 இல் பழைய இராணுவப் பயிற்சிக் காடு எரிந்தபோது, மண்ணுக்குள் குண்டு இருக்கிறது என்று தெரிந்து தீயணைப்புப் படை தள்ளியே நின்றது, ஊர்களில் இருந்து சனத்தை எழுப்பினார்கள், எரிகிற இடத்துக்குள் ஆளை அனுப்பவில்லை. உலக யுத்தம் முடிந்து எழுபது வருடத்துக்கு மேல் போயும் அப்படி. எங்களுக்கு இருபது வருடம்கூட ஆகவில்லை.

கிராம சேவையாளரும் ஊர்ப் பெரியவர்களும் இருந்து, எந்தக் காணியில் முன்பு முகாம் இருந்தது, எங்கே காவலரண் இருந்தது என்று ஒரு வரைபடம் கீறித் தீயணைப்புப் பிரிவிடம் கொடுத்தால் என்ன? ஊரில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த விசயம், எழுதித்தான் வைக்கவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்தே இதைச் செய்யலாம், நான் என் பள்ளிக்கூடத்தில் கேட்டுப் பார்க்கிறேன்.

முல்லைக்கரை

எல்லாம் வாசித்தேன். என் மனம் முழுக்க மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாத்தியார் சொன்ன வரைபடத்துக்கு எங்கள் பக்கம் ஆள் சேர்த்துத் தருகிறேன். எங்கே பங்கர் இருந்தது, எங்கே ஆமி நின்றது என்று என்னிடம் கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டே சொல்லுவேன். அந்தப் பொடியளில் ஒருவன் தெரியாமல் கால் வைத்துப் போவதை என்னால் தாங்க முடியாது. அவனும் யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே.

இரணைமடுவான்

அக்கா, பெரிய உதவி. சந்தைக்கார அண்ணை, சந்தையில் எந்தக் கடையில் சிலிண்டர் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வெளிக் கேற்றிலேயே ஒட்டுவதற்கு வர்த்தகர் சங்கத்தோடு கதைக்க முடியுமா? அன்றைக்கு அவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அதில் இருக்கட்டும்.

சந்தைக்காரன்

கதைக்கிறேன். மேல்மாடிச் சரக்கைப் பற்றியும் கேட்பேன், அதற்குத்தான் ஆட்கள் மறுத்துக் கதைப்பார்கள்.

அக்கராயன் கமக்காரன்

மெசின் ஓடின கிணற்றுக்குள் ஆள் இறங்கக்கூடாது என்று கிணற்றுக் கட்டிலேயே பெயின்ற்றால் எழுதப் போகிறேன். பக்கத்துக் காணிக்காரர் மூன்று பேரும் தங்கள் கிணற்றுக்கும் எழுதச் சொல்லிவிட்டார்கள். எந்த நம்பரைப் போட?

வார்ட் அக்கா

1990 போடுங்கள், அது அம்புலன்ஸ், வன்னிக்கும் வரும். அதற்குக் கீழே உங்கள் தீயணைப்புப் பிரிவின் நேரடி நம்பரைப் பிரதேச சபையில் கேட்டு எழுதுங்கள். அழைக்கும்போது கிணறு என்று முதல் சொல்லாகச் சொல்லச் சொல்லுங்கள், காற்றுச் சிலிண்டரை ஏற்றிக்கொண்டு வருவார்கள். மெசினை மேலேயே வைத்துத் தண்ணீர் எடுக்க வழி இருக்கிறதா என்று கமநல சேவை நிலையத்திலும் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள், மின்சாரம் இருக்கிற காணி என்றால் தண்ணீருக்குள் அமிழ்த்துகிற மோட்டார் போடலாம், அதில் புகையே இல்லை.